கார்கசோன்: 7 ஆட்களை வைத்து நகரம் பிடிக்கும் ஆட்டம்

2001-இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது பெற்ற பலகை விளையாட்டு கார்கசோன். சாலை, நகரம், வயல் வரைந்த 72 சதுர அட்டைகள் (டைல்கள்), ஆட 2 முதல் 5 பேர். ஒரு டைலை எடுத்து, சாலையோடு சாலை, சுவரோடு சுவர் சேரும்படி வைக்க வேண்டும்; வேண்டுமானால் அதன்மேல் ஒரு மர ஆளை நிறுத்தலாம். விதி இவ்வளவுதான், 7 வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

சறுக்குவது ஆள் கணக்கில். ஒருவருக்குக் களத்தில் நிறுத்த 7 மர ஆட்கள்தான். எட்டாவது ஆள் புள்ளிப் பலகையில் கணக்குக் காட்ட. நகரத்தைச் சுற்றிச் சுவரை மூடி முடித்தால் டைலுக்கு 2 புள்ளி, ஆளும் கைக்குத் திரும்புவார். ஆசைப்பட்டு இழுத்துக்கொண்டே போனால், பொருந்தும் டைல் வராமல் கடைசியில் டைலுக்கு 1 புள்ளிதான். வயலில் படுக்கவைத்த ஆள், அதாவது விவசாயியோ, ஆட்டம் முடியும்வரை எழவே மாட்டார். அந்த வயலைத் தொடும் ஒவ்வொரு முழு நகரத்துக்கும் 3 புள்ளி கிடைப்பதால் அவரை விடவும் மனம் வராது. பிள்ளைகளோடு ஆடும் முதல் இரண்டு ஆட்டத்துக்கு விவசாயி வேண்டாம்.