சீயக்காய்: அரைத்து வைப்பதா, தூளாக வாங்குவதா?

மூலிகைப் பொடி வகுப்புக்குப் போய்வந்த பாளையங்கோட்டைப் பெண்கள் பலருக்கும் எழும் ஐயம் இது.

செலவு: 1 கிலோ காயுடன் கால் கிலோ பச்சைப்பயறும் 100 கிராம் வெந்தயமும் சேர்த்து அரைப்பது, சிறு பொட்டலங்களாக வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு.

தரம்: காயை ஒடித்துப் பார்த்துச் சேர்க்கலாம், வாங்கிய தூளில் உறையை நம்ப வேண்டியதுதான்.

உழைப்பு: இங்கே கடைத்தூளே வெல்கிறது. நெல்லையின் சித்திரை வெயிலில் காய வைத்து, குலுக்கினால் விதை கலகலக்கும் பதம் வந்தபின், மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். மிளகாய் அரைத்த கையோடு அரைத்துத் தந்துவிட்டால் தலை எரியும். அதை நான் பட்டறிந்திருக்கிறேன்.

ஆயுள்: இரண்டுமே ஈரக்கை பட்டால் ஐப்பசி மழையில் கட்டிபிடித்துவிடும்.

மொட்டைமாடியும் நான்கைந்து தலைகளும் உள்ள வீட்டுக்கு அரைப்பதே ஏற்றது. விடுதி மாணவிக்கு 100 கிராம் பொட்டலம் போதும்.