ஆலை தங்கிய ஊரும் அலுவலகம் தங்கிய ஊரும்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், 60ஆம் நெடுஞ்சாலை வழியில், சுமார் 110 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. பாங்கா சிட்டி கோனகோவின் ஊர், பார்ட்டில்ஸ்வில் பிலிப்ஸின் ஊர். 2002 ஆகஸ்டில் இந்த இரண்டு எண்ணெய்க் கம்பெனிகளும் இணைந்து கோனகோபிலிப்ஸ் ஆயின. தலைமையகம் ஹூஸ்டனுக்குப் போனது. கடைசியில் ஒரு ஊருக்குச் சுத்திகரிப்பு ஆலையும், இன்னொரு ஊருக்கு அலுவலகமும் ஆய்வுக்கூடமும் மிஞ்சின. இணைப்புக்குப் பிறகு எது தங்கினால் ஊர் பிழைக்கும் என்று பார்க்க இந்த இரண்டும் நல்ல ஜோடி.

முதலில் பாங்கா சிட்டி. கோனகோவின் தலைமையகம் 1949இலேயே இங்கிருந்து போய்விட்டது. ஆனாலும் ஆராய்ச்சி, கணினி, கணக்கு வேலைகள் ஊரில் நீடித்தன. 2009இல் அதற்கும் முடிவு வந்தது. ஆலை சாராத சுமார் 750 வேலைகளை ஹூஸ்டனுக்கும் பார்ட்டில்ஸ்வில்லுக்கும் மாற்றப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. அப்போது ஊரின் மக்கள்தொகை 25,000 சொச்சம்தான். மாநிலக் கணக்கை எடுத்துக்கொண்டால், பார்ட்டில்ஸ்வில்லுக்குப் போன வேலைகள் இழப்பாகவே தெரியாது, அவை ஓக்லஹோமாவுக்குள்தானே இருக்கின்றன! பாங்கா சிட்டியில் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருந்த குடும்பத்துக்கு அந்தக் கணக்கால் என்ன பயன்? வேலைவாய்ப்பு பாதிப்பைப் பேசும்போது எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைக் கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

ஆலை மட்டும் அசையவில்லை. நாளொன்றுக்கு 2 லட்சம் பீப்பாய்க்கு மேல் சுத்திகரிக்கும், ஓக்லஹோமாவின் மிகப் பெரிய ஆலை அது. குழாய்களும் தொட்டிகளும் வந்து சேருமிடத்தை ஓர் உத்தரவில் பெயர்த்துக் கொண்டுபோக முடியாது. 2002 இணைப்பின்போது, போட்டி குறையக் கூடாது என்று அரசு சொன்னதால் டென்வர் அருகில் ஒன்றும் யூட்டாவில் ஒன்றுமாக இரண்டு ஆலைகளைக் கம்பெனி விற்க நேர்ந்தது. முதலாளி மாறினார், ஆலைகள் ஓடின. கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களுக்கும் ஷிப்ட் வேலையில் நல்ல சம்பளம் கிடைப்பது இத்தகைய இடங்களில்தான். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் வாரங்களில் வெல்டர், ஃபிட்டர் என்று காண்ட்ராக்ட் ஆட்கள் வருவார்கள், விடுதிகள் நிரம்பும், அப்புறம் கிளம்பிவிடுவார்கள்.

பார்ட்டில்ஸ்வில்லின் கதை வேறு. 1917இல் பிலிப்ஸ் சகோதரர்கள் கம்பெனி தொடங்கியதிலிருந்து ஊரும் கம்பெனியும் ஒன்றாகவே வளர்ந்தன. 1984 கடைசியில் பூன் பிக்கன்ஸும் சில வாரங்களில் கார்ல் ஐகானும், பங்குகளை வாங்கிக் கம்பெனிகளைப் பிடிக்கும் பெரும்புள்ளிகள், கம்பெனியைக் கைப்பற்றப் பார்த்தபோது ஊர்மக்கள் கூடிப் பிரார்த்தனை செய்தார்கள். கம்பெனி தப்பித்தது, ஆனால் தலைக்கு மேல் கடன். ஆட்குறைப்பும் வந்தது. பிறகு 2002இல் தலைமையகமும் போயிற்று.

இருந்தும் ஊர் காலியாகவில்லை. 1951இல் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்த ஆய்வுக்கூடம் இங்கே இருந்தது. அனுபவமுள்ள வேதியியலாளர்களை ஒரே மூச்சில் வேறு ஊருக்குக் கிளப்ப முடியாது. நிர்வாக உதவிப் பணிகளையும் கம்பெனி இங்கேயே வைத்துக்கொண்டது. 2012இல் கோனகோபிலிப்ஸின் சுத்திகரிப்புத் தொழில் பிலிப்ஸ் 66 என்ற பெயரில் தனியாகப் பிரிந்தபோது ஊருக்கு ஒரு முதலாளிக்குப் பதில் இரண்டு பேர் கிடைத்தார்கள். 2000க்கும் 2020க்கும் இடையே பார்ட்டில்ஸ்வில்லின் மக்கள்தொகை 34,748லிருந்து 37,290 ஆனது. பாங்கா சிட்டி 25,919லிருந்து 24,424 ஆகக் குறைந்தது. எண்ணெய் வேலை ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொறியாளரும் கணக்காளரும் இருக்கும் ஊரில் படித்த பிள்ளைகள் திரும்பி வர ஒரு வாசல் இருக்கிறது.

ஆலை, அலுவலகம் தவிர, ஊர் பிழைக்க மூன்றாவது வழியும் உண்டு: வாங்குகிற கம்பெனியின் ஊராக இருப்பது. ஓஹியோ மாநிலத்தின் ஃபின்ட்லேயிலிருந்து மாரத்தான் ஆயில் என்ற எண்ணெய்க் கம்பெனியின் தலைமையகம் 1990இல் ஹூஸ்டனுக்குப் போனது. 2011இல் அதன் சுத்திகரிப்புத் தொழில் மாரத்தான் பெட்ரோலியம் என்று தனியாகப் பிரிந்ததும் ஃபின்ட்லேக்கு மறுபடி ஒரு தலைமையகம் வாய்த்தது. 2018இல் அந்தக் கம்பெனி டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இருந்த ஆண்டெவர் என்ற சுத்திகரிப்புக் கம்பெனியை வாங்கியபோது தலைமையகத்தை இழந்தது சான் அன்டோனியோதான். இதில் ஊர்க்காரர்கள் கையில் எதுவுமில்லை.

சரி, எது மேல்? ஐம்பது வயதில் ஷிப்டுக்குப் போகிற தொழிலாளிக்குப் பாங்கா சிட்டிதான் பாதுகாப்பு. ஊரை மொத்தமாகப் பார்த்தால் பார்ட்டில்ஸ்வில்லுக்குக் கிடைத்ததையே நான் கேட்பேன், அதிலும் ஆய்வுக்கூடத்தை முதலில் கேட்பேன். ஆலையும் நிரந்தரமில்லை. சுமார் 600 ஊழியர்களும் 300 காண்ட்ராக்ட் ஆட்களும் வேலை பார்த்த லாஸ் ஏஞ்சலஸ் ஆலையை மூடப்போவதாக 2024இல் பிலிப்ஸ் 66 அறிவித்தது.

அலுவலக வேலை அதைவிடச் சீக்கிரம் போகக்கூடியது. 2024 நவம்பரில் மாரத்தான் ஆயிலை வாங்கி முடித்த கோனகோபிலிப்ஸ், 2025 செப்டம்பரில் உலகெங்கும் 20 முதல் 25 சதவீத ஆட்களைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. பார்ட்டில்ஸ்வில்லில் அந்தக் கம்பெனிக்கு இன்னும் வேலை பார்க்கிற குடும்பங்கள் இருக்கின்றன. 2009இல் பாங்கா சிட்டியிலிருந்து மாறி வந்தவர்கள் சிலரும் அவர்களில் இருக்கலாம்.