எச்சரிப்பதா, நிறுத்துவதா? டேட்டா பில்லில் அமெரிக்காவும் கனடாவும்

நயாகரா அருவியைக் கனடாப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். நிற்பது ஒன்ராறியோ மண்ணில். ஆனால் சட்டைப்பையில் இருக்கும் போன் சில நேரம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துவிடும். உடனே ஒரு குறுஞ்செய்தி வரும்: அமெரிக்காவுக்கு நல்வரவு, ரோமிங் கட்டணம் இவ்வளவு.

2016 கோடையில் எங்கள் குடும்பம் அப்படி நின்றபோது அந்தச் செய்தியை நான் பார்க்கவில்லை. பார்த்தவன் அக்காவின் மகன். அவனுக்கு அப்போது பதினொரு வயது. குடும்பத் திட்டத்தில் இருந்த இரண்டாவது போன் அவன் கையில்தான் இருந்தது. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. ‘ரோமிங் கட்டணம் 100 டொலரைத் தொட்டுவிட்டது, தொடர வேண்டுமானால் யெஸ் என்று பதில் அனுப்பவும்’ என்று செய்தி. பையன் யெஸ் அனுப்பிவிட்டான், வீடியோ மறுபடி ஓடியது. அடுத்த மாத பில்லில் ரோமிங் என்ற ஒரே வரிக்கு 240 டொலர். கணக்கு அத்தானின் பெயரில். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றிலிருந்து டேட்டா வரம்பு பற்றி எந்த விதியைப் படித்தாலும் இரண்டு விஷயம்தான் பார்க்கிறேன். செய்தியை யாரும் படிக்காவிட்டால் என்ன நடக்கும்? ‘சரி’ சொல்லும் உரிமை யாருக்கு?

அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம். 2010இல் அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையம் எஃப்சிசி ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. போன் வைத்திருப்பவர்களில் ஆறில் ஒருவருக்கு, திட்டத்தை மாற்றாமலே பில் திடீரென்று எகிறிய அனுபவம் இருந்தது. வரம்பு நெருங்கியபோது கம்பெனி தங்களுக்குச் சொல்லவே இல்லை என்றவர்கள் அவர்களில் 84 சதவீதம். ‘பில் ஷாக்’ என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் எஃப்சிசி கட்டாய விதியை முன்மொழிந்தது. ஆனால் அது விதியாகவில்லை. 2011 அக்டோபர் 17 அன்று கம்பெனிகளின் சங்கமான சிடிஐஏ, எஃப்சிசி, நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர்ஸ் யூனியன் மூன்றும் சேர்ந்து ஓர் உடன்பாட்டை அறிவித்தன. பேச்சு, குறுஞ்செய்தி, டேட்டா மூன்றிலும் வரம்பு நெருங்கும்போது ஒரு செய்தி, தாண்டியபின் ஒரு செய்தி; வெளிநாடு போனால் ரோமிங் பற்றி ஒரு செய்தி. எல்லாம் இலவசம், யாரும் பதிவு செய்து கேட்கத் தேவையில்லை. 2013 ஏப்ரலுக்குள் முழுமையாக நடைமுறைக்கு வரவேண்டும் என்று ஏற்பாடு.

இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதுவரை பல பேருக்குக் கிடைக்காத ஒன்று அது. ஆனால் அந்த உடன்பாட்டில் ‘நிறுத்து’ என்ற சொல் இல்லை. செய்தி வந்த பிறகும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிகளில் கூடுதல் ஒரு ஜிபிக்கு 15 டொலர் என்பது வழக்கமான விலை. பத்து ஜிபி தாண்டினால் 150 டொலர், இருபது தாண்டினால் 300. கம்பெனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது, அதற்குப் பிறகு எல்லாம் உங்கள் பொறுப்பு.

கனடா வேறு வழியில் போனது. அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையம் சிஆர்டிசி கொண்டுவந்த வயர்லெஸ் விதிமுறை 2013 டிசம்பர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. அது கட்டாயம். ஒரு பில் மாதத்தில் கூடுதல் டேட்டாக் கட்டணம் 50 டொலரைத் தொட்டால், ரோமிங் டேட்டா 100 டொலரைத் தொட்டால், கம்பெனி அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது. வாடிக்கையாளர் வெளிப்படையாகச் சம்மதித்தால்தான் தொடரலாம். செய்தியை யாரும் படிக்கவில்லையா? டேட்டா நிற்கும், பில்லும் நிற்கும். தூங்கிக்கொண்டிருப்பவரையும் காப்பாற்றும் விதி என்றால் இதுதான்.

அதற்காகக் கனடா மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். கூடுதல் 100 எம்பிக்கு 10 டொலர் வரை வாங்கிய திட்டங்கள் இங்கே இருந்தன. அந்த விலையில் அரை ஜிபி தாண்டினாலே 50 டொலர் வந்துவிடும். அமெரிக்காவில் அதே அரை ஜிபிக்கு 15 டொலரோடு ஆள் தப்பியிருப்பார். கொஞ்சமாகத் தாண்டுகிறவருக்கு அமெரிக்க ஏற்பாடே லாபம். ஒரு மாதம் கணக்குத் தவறி மோசமாகத் தாண்டுகிறவருக்குத்தான் கனடா விதி கைகொடுக்கிறது. குடும்பத்தைக் கலங்க வைப்பது அந்த ஒரு மாதம்தான். அதனால் என் ஓட்டு கனடாவுக்கு.

ஆனால் எங்கள் வீட்டுக் கதை அந்த விதி நடப்பில் இருந்தபோதே நடந்தது. ஓட்டை எங்கே என்றால், சம்மதிக்க வேண்டியது யார் என்பதில். போனைக் கையில் வைத்திருப்பவர் யெஸ் அனுப்பினால் அதுவே சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. நிறையக் குடும்பங்கள் இதில் அடிபட்டிருக்க வேண்டும். 2017இல் சிஆர்டிசி விதியைத் திருத்தியது. அந்த டிசம்பர் 1 முதல், கணக்கின் சொந்தக்காரரோ அவர் அனுமதி கொடுத்தவரோ மட்டும்தான் சம்மதிக்க முடியும். 50, 100 என்ற உச்சவரம்பும் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இல்லை, மொத்தக் கணக்குக்கும் ஒன்றே. நான்கு போன் இருக்கும் வீட்டில் அதன் அருமை தெரியும்.

இதிலும் குறை உண்டு. உச்சவரம்பு டேட்டாவுக்கு மட்டும்தான். ஊருக்குப் போன் எடுத்து நிமிடக் கணக்கில் பேசும் அம்மாவுக்கு இதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. டேட்டா சட்டென்று நின்றால் நெடுஞ்சாலையில் வரைபடமும் போய்விடும். அந்த நேரத்தில் பயமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது வழியைக் கம்பெனிகளே கொண்டுவந்தன: கூடுதல் கட்டணமும் இல்லை, டேட்டாவும் நிற்காது, வேகம் மட்டும் விழும். அமெரிக்காவில் டி-மொபைல் 2014இல் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டது. 2016இல் ஏடி அண்ட் டி தன் புதிய திட்டங்களில் வரம்புக்குப் பிறகு 128 கேபிபிஎஸ் வேகம் என்றது. வெரிசோனும் அதே ஆண்டு அந்த வசதியைக் கொடுத்தது, ஆனால் சிறிய திட்டக்காரர்களிடம் அதற்கு மாதம் 5 டொலர் கேட்டது. அதிகக் கட்டணத்திலிருந்து தப்பிக்கவே ஒரு கட்டணம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கனடாவில் 2019 ஜூனில் ராஜர்ஸ் 10 ஜிபிக்குப் பிறகு 256 கேபிபிஎஸ் என்று தொடங்க, மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். 256இல் வாட்ஸ்அப் செய்தி போகும், வீடியோ சிரமம். 128இல் சாதாரணப் பக்கம் திறக்கவே பொறுமை வேண்டும்.

வேகத்தைக் குறைப்பதையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அன்லிமிடெட் என்று விற்றுவிட்டு வேகத்தைக் குறைத்ததைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று ஏடி அண்ட் டி மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2014இல் வழக்குப் போட்டது. 2019இல் 6 கோடி டொலருக்கு அது சமரசமானது.

எச்சரிக்கையும் நிறுத்தமும் சேர்ந்து இருக்க முடியாதா? ஐரோப்பாவில் இருக்கிறது. 2010 ஜூலை முதல் ரோமிங் டேட்டாவில் 80 சதவீதத்தில் ஒரு செய்தி, 50 யூரோ வந்ததும் நிறுத்தம். நான் பார்த்ததில் இதுதான் ஒழுங்கான வடிவம். ஆஸ்திரேலியா 2012 விதிமுறையில் 50, 85, 100 சதவீதம் என்று மூன்று எச்சரிக்கை வைத்தது. ஆனால் அந்தச் செய்தி வந்துசேர 48 மணி நேரம் வரை ஆகலாம் என்றும் அதிலேயே இருந்தது. இரண்டு நாளில் ஒரு பையன் எத்தனை வீடியோ பார்ப்பான்!

கனடாவில் குடும்பத் திட்டம் வைத்திருப்பவர்கள் கம்பெனியைக் கூப்பிட்டு, கணக்கில் ‘அனுமதி பெற்றவர்’ என்று யார் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். அத்தான் கேட்டபோது அவருடைய பெயருக்குக் கீழே, நாலு வருடத்துக்கு முன் இன்னொரு நகரத்துக்குக் குடிபோய்விட்ட எங்கள் பழைய வாடகைக்காரரின் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டு அக்காவின் பெயரைப் போட்டார்கள்.