சமுதாயக் கல்லூரித் தொழிற்பயிற்சி: மாணவருக்குப் பணமா, இடத்துக்குப் பணமா?

வெல்டிங் பயிற்சிக்கூடத்தில் 20 பூத்கள் இருந்தால் ஒரு ஷிப்டில் 20 பேர்தான் கற்க முடியும். 21-ஆவதாக வருபவரிடம் கட்டணம் முழுவதற்கும் அரசு உதவி இருந்தாலும் அவர் காத்திருப்போர் பட்டியலில்தான் நிற்பார். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் (ஈராண்டுப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரிகள்) தொழிற்பயிற்சிக்குப் பணம் தரும் திட்டங்களை ஒப்பிடும்போது நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தப் பணம் மாணவரின் கட்டணத்தைக் கட்டுகிறதா, அவர் பயில ஓர் இடத்தை உண்டாக்குகிறதா? இரண்டும் வேண்டும். ஆனால் அரசியலில் முதலாவதுக்குத்தான் கைதட்டல் கிடைக்கிறது. இத்தனை பேருக்கு இவ்வளவு கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். கூடுதலாக ஒரு பயிற்றுநரை அமர்த்தியதை யாரும் மேடையில் பேசுவதில்லை.

குறுகிய காலப் பெல் எதிர் வேலைவாய்ப்பு வாரிய வவுச்சர்

வருமானம் குறைந்த மாணவருக்குக் கூட்டாட்சி அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் உதவித்தொகை பெற, ஒரு தொழிற்படிப்பு பொதுவாகக் குறைந்தது 15 வாரமும் 600 மணி நேரமும் நடக்க வேண்டும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இதற்குக் கீழே புதிதாக ஒரு கதவைத் திறந்தது. 2026 ஜூலை 1 முதல், 150 மணிக்குக் குறையாமல் 600 மணிக்குள்ளும், 8 வாரத்துக்குக் குறையாமல் 15 வாரத்துக்குள்ளும் முடியும் படிப்புகளுக்கும் பெல் கிடைக்கும். பேச்சுவழக்கில் இது வொர்க்ஃபோர்ஸ் பெல்.

இந்த அளவுகோலைப் பாடத்திட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தால் சிக்கல் தெரியும். முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்யும் செவிலிய உதவியாளர் பயிற்சிக்குக் கூட்டாட்சி விதி கேட்கும் குறைந்தபட்சம் 75 மணிதான். அந்த அளவில் நடக்கும் வகுப்பு 150 மணி வாசலைத் தாண்டாது. கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி வழக்கமாக 160 மணி. மணிக்கணக்கு சரி, ஆனால் முழுநேரமாக நடத்தினால் 4 வாரத்தில் முடிந்துவிடும், 8 வார விதியில் விழும். கல்லூரி அதை மாலை வகுப்பாக 8 வாரத்துக்கு நீட்டலாம். வேலையில் இருப்பவருக்கு அது நல்லது. வேலை இழந்து வீட்டு வாடகைக்குத் தவிப்பவருக்கு அது மேலும் ஒரு மாதச் சம்பள இழப்பு.

தொகையையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 2025-26-இல் பெல்லின் உச்ச அளவு 7,395 டாலர். மணிக்கணக்கில் நடக்கும் படிப்புக்கு, கல்வியாண்டை 900 மணி, 26 வாரம் என்று கொண்டு, படிப்பின் மணி விகிதம், வார விகிதம் இரண்டில் எது சிறியதோ அதன்படி தொகை சுருங்கும். 150 மணி, 8 வாரப் படிப்புக்கு மணி விகிதம் ஆறில் ஒரு பங்கு. ஆக உச்சமாக ஏறக்குறைய 1,232 டாலர். 300 மணி, 10 வாரப் படிப்புக்கு 2,465 டாலர். 7,395 என்ற எண்ணைத் துண்டறிக்கையில் போட்டு மாணவரைச் சேர்த்துவிட்டு, பிறகு மீதிக் கட்டணத்துக்கு அவரை அலையவிடும் தவறு இங்கேதான் நடக்கும்.

தகுதிச் சோதனைகளும் கடுமையானவை. படிப்பு ஏற்கெனவே ஓராண்டாவது நடந்திருக்க வேண்டும். மாநில ஆளுநர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 70 சதவீதத்தினர் முடித்திருக்க வேண்டும். 70 சதவீதத்தினருக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும். இவற்றுக்கு மேல் வருமானச் சோதனை ஒன்று: முடித்தவர்களின் இடைநிலை வருமானத்திலிருந்து (வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் வருமானம்) வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்கைக் கழித்தால் வரும் மிச்சத்தைக் கட்டணம் தாண்டக்கூடாது. தனி ஆளுக்கான 2025 வறுமைக்கோடு 15,650 டாலர். ஒன்றரை மடங்கு 23,475. முடித்தவர்கள் ஆண்டுக்கு 25,000 டாலர் சம்பாதிக்கும் படிப்பென்றால், வட்டார விலைவாசிச் சரிக்கட்டலை விட்டுவிட்டுப் பார்த்தால், கட்டணம் 1,525 டாலரைத் தாண்டக்கூடாது. அநியாயக் கட்டணம் வசூலிக்கும் பயிற்சி நிலையங்களை இது தடுக்கும். அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் குழந்தைப் பராமரிப்பு போன்ற, சமூகத்துக்கு அவசியமான, சம்பளம் குறைந்த தொழில்களும் இதே வலையில் சிக்கும். ஓராண்டு விதியால், அடுத்த ஆண்டு திறக்கப்போகும் ஆலைக்காகத் தொடங்கும் புதிய படிப்புக்கு இந்தப் பணம் உதவாது.

எதிரே நிற்பது 2014-ஆம் ஆண்டின் தொழிலாளர் புத்தாக்க, வாய்ப்புச் சட்டம். துறையில் சொல்வது வியோவா (WIOA). வழி இப்படி: வேலைவாய்ப்பு மையத்துக்குப் போய்த் தகுதியை நிரூபித்து, ஆலோசகருடன் தனிநபர் திட்டம் எழுதி, மாநிலம் அங்கீகரித்த பயிற்சியாளர் பட்டியலிலிருந்து ஒரு படிப்பைத் தேர்ந்தால், பயிற்சிக் கணக்கிலிருந்து (இதுதான் வவுச்சர்) கட்டணம் போகும். 75 மணிப் படிப்பும் 4 வாரப் படிப்பும் இதில் நுழைய முடியும். பயணச் செலவு, குழந்தைக் காப்பகம், கருவிகள், பாதுகாப்புக் காலணி ஆகியவற்றுக்கும் உதவ முடியும். பெல்லால் தனியாக இவற்றைக் கவனிக்க இயலாது. கட்டணம் போக மிச்சம் இருந்தால்தான் உண்டு.

ஆனால் வியோவாவில் தகுதி இருந்தாலே பணம் வரும் என்பதில்லை. ஒருவருக்கு எவ்வளவு என்ற உச்சவரம்பை ஒவ்வொரு வட்டார வேலைவாய்ப்பு வாரியமும் தானே வைக்கிறது. ஜூலையில் தொடங்கும் நிதியாண்டின் பணம் வசந்த காலத்துக்குள் தீர்ந்துபோவதும் உண்டு. பெல்லுக்கு விண்ணப்பித்து அது போதாத பின்னரே வியோவா பணம் தரும் என்பது விதி; எனவே கூட்டாட்சி உதவி விண்ணப்பத்தை முதலில் நிரப்ப வேண்டும். வகுப்பில் சேர்ந்துவிட்டு மையத்துக்குப் போகிறவர்களுக்குப் பல வாரியங்கள் பின்தேதியிட்டுப் பணம் கொடுப்பதில்லை. கல்லூரி பக்கமும் ஒரு வலி இருக்கிறது: பட்டியலில் நீடிக்க, வவுச்சருடன் வந்த 3 பேருக்கு மட்டுமல்லாமல் அந்தப் படிப்பின் எல்லா மாணவருக்கும் விளைவுத் தரவு தர வேண்டும். கிரெடிட் இல்லாத (பட்டத்துக்குக் கணக்கில் சேராத) வகுப்புகளில், மாணவரைச் சம்பளப் பதிவில் தேட உதவும் சமூகப் பாதுகாப்பு எண்ணை வாங்காத கல்லூரிக்கு அது பெரும் பாடு. சில கல்லூரிகள் இதற்காகவே பட்டியலைவிட்டு விலகுகின்றன.

வேலை இழந்தவருக்கு, அவசரமாகச் சான்றிதழ் வேண்டியவருக்கு வியோவாதான் பொருந்தும். 250 மணிக்கு மேல் நீளும், பிறகு பட்டப்படிப்பின் கிரெடிட்டாக மாறக்கூடிய பயிற்சிக்கு வொர்க்ஃபோர்ஸ் பெல். எப்படியானாலும் இரண்டும் 21-ஆவது பூத்தைக் கட்டாது.

மாநில இலவசக் கல்வி

டென்னசி ப்ராமிஸ் (முதல் மாணவர்கள் 2015-இல்), வயதுவந்தோருக்கான டென்னசி ரீகனெக்ட் (2018) போன்றவை பெல் முதலிய உதவிகள் போக மிச்சக் கட்டணத்தை மட்டும் கட்டுபவை. சமுதாயக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் பல மாநிலங்களில் முழுப் பெல்லைவிடக் குறைவு. ஆகவே மிக ஏழை மாணவருக்கு இத்திட்டத்திலிருந்து வருவது பூஜ்யம். பணம் நடுத்தர வருமானக் குடும்பத்துக்குப் போகிறது. வர்ஜீனியாவின் ஜி3 திட்டம் இதைக் கொஞ்சம் திருத்தியது: குறிப்பிட்ட தொழில்துறைகளில் முழுநேரம் படிக்கும் முழுப் பெல் மாணவருக்குச் செமஸ்டருக்கு 900 டாலர் வரை கூடுதலாகக் கொடுத்தது. மற்ற மாநிலங்கள் முதலில் பின்பற்ற வேண்டியது இந்த ஓர் அம்சத்தை.

இடத்தை உண்டாக்கும் பணம்

தொழிற்கல்விக்கான கூட்டாட்சிப் பெர்கின்ஸ் சட்டம் (2018-இல் புதுப்பிக்கப்பட்டது) ஆண்டுக்கு சுமார் 140 கோடி டாலரைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சேர்த்துத் தருகிறது. எந்தப் பக்கம் எவ்வளவு என்பதை மாநிலம் முடிவு செய்யும். கல்லூரிகளுக்குள் பங்கு, பெல் பெறும் மாணவர் எண்ணிக்கையை ஒட்டி அமையும். 50,000 டாலருக்குக் கீழே வரும் கல்லூரி பொதுவாக வேறு கல்லூரிகளுடன் கூட்டுச் சேர வேண்டும். கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரமோ வெல்டிங் சிமுலேட்டரோ வாங்க இது நல்ல பணம். ஆனால் மாநிலப் பணத்தில் ஏற்கெனவே நடப்பதற்கு இதை மாற்றாக வைக்கக்கூடாது என்ற விதியால், நடப்பு ஆசிரியர் சம்பளத்தை இதன் மேல் ஏற்ற முடியாது. இயந்திரம் வந்துசேரும், அதை இயக்கிக் காட்டும் ஆள் வேண்டுமென்றால் வேறு பணம் தேட வேண்டும்.

2011-இல் தொடங்கிய கூட்டாட்சி அரசின் டாக்ட் (TAACCCT) மானியங்கள், மொத்தம் சுமார் 190 கோடி டாலர், நான்கு சுற்றுகளாகக் கல்லூரிகளுக்கு நேராகப் போயின. புதிய பாடத்திட்டம், கருவிகள், மாணவர் வழிகாட்டிகள் எல்லாம் அதில் எழுந்தன. உருவாக்கிய பாடப்பொருளைத் திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையும் உருப்படியானது. குறை ஒன்றுதான், அது பெரியது: 2018-இல் பணம் நின்றது. மானியத்தில் வந்த வழிகாட்டியின் சம்பளத்தைக் கல்லூரியின் நிரந்தரக் கணக்குக்கு மாற்றத் திட்டமிடாத இடங்களில், மாணவரைத் தாங்கிப் பிடித்த ஆட்கள்தான் முதலில் வெளியேறினர்.

கலிஃபோர்னியாவின் ஸ்ட்ராங் வொர்க்ஃபோர்ஸ் திட்டம் இந்தப் பாடத்துக்குப் பதில் போலவே இருக்கிறது. 2016-இல் ஆண்டுக்கு 20 கோடி டாலருடன் தொடங்கியது. ஒருமுறை மானியமாக இல்லாமல், ஆண்டுதோறும் தொடரும் பணமாக. 60 சதவீதம் உள்ளூர்க் கல்லூரிக்கு, 40 சதவீதம் வட்டாரக் கூட்டமைப்புக்கு. ஒரே வட்டாரத்தில் அருகருகே மூன்று கல்லூரிகள் ஒரே படிப்பைத் தொடங்கிக் காலி வகுப்புகளுடன் நிற்பதை அந்த 40 சதவீதம் தடுக்க முடியும். ஆண்டுதோறும் வரும் என்று தெரிந்தால்தான் கல்லூரி ஒரு பயிற்றுநரை நிரந்தரமாக அமர்த்தத் துணியும். செவிலியர் படிப்பில் இது உயிர்நாடி. ஒரு மருத்துவப் பயிற்சிக் குழுவில் 10 பேருக்கு மேல் வைப்பது கடினம். ஆசிரியருக்கு முதுகலைத் தகுதி வேண்டும். மருத்துவமனை அவருக்குக் கல்லூரியைவிட அதிகம் தருகிறது. எத்தனை வவுச்சர் கொடுத்தாலும் இந்தச் சங்கிலி அசையாது.

முடித்தால் பணம்

வர்ஜீனியாவின் ஃபாஸ்ட்ஃபார்வர்ட் (2016) குறுகிய காலப் பயிற்சிக்கானது. செலவு 3,600 டாலர் என்று வையுங்கள். மாணவர் 1,200 கட்டிச் சேர்கிறார். முடித்தால் மாநிலம் 1,200. தொழிற்சான்றிதழ் பெற்றால் மீண்டும் 1,200. பாதியில் விட்டால் இரண்டாவது பங்கும் மாணவர் தலையில். மூன்றாவது கல்லூரிக்கு நட்டம். மூன்று தரப்புக்கும் இழக்க ஏதோ ஒன்று இருப்பதால் கல்லூரிகள் மாணவரை விடாமல் பின்தொடர்கின்றன. எச்சரிக்கை: முதல் 1,200-க்கே வழியில்லாதவர் வாசலுக்கு வரமாட்டார், தேறுவது கடினமான சான்றிதழ்களைக் கல்லூரி மெல்லத் தவிர்க்கவும் கூடும்.

டெக்சாஸ் 2023-இல் எச்பி 8 சட்டத்தின் மூலம் இன்னும் துணிந்தது. வகுப்பறை மணிக்கணக்கில் பங்கிட்டுவந்த பணத்தைப் பெரும்பாலும் விளைவுகளுக்கு மாற்றி, 68.3 கோடி டாலரைக் கூடுதலாக வைத்தது. மதிப்புள்ள சான்றிதழ், நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுதல், பள்ளியிலேயே 15 கிரெடிட் பெறுதல் ஆகியவற்றுக்குத் தொகை. ஏழை, வயதுவந்த, கல்வியில் பின்தங்கிய மாணவருக்குக் கூடுதல் எடை. தேவை மிகுந்த துறைக்கும் கூடுதல். அந்த எடைதான் இதைக் காக்கிறது. அது இல்லையென்றால் எளிதில் தேறுபவரை மட்டும் சேர்ப்பதே லாபமாகிவிடும். சிறிய கல்லூரிகளுக்கு அடிப்படை நிதித் தளமும் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பணம் பின்னால் வருகிறது, செலவு முன்னால் நிற்கிறது.

முன்செலவுக்கு அயோவா 1983-இலேயே ஒரு வழி கண்டது. 260இ திட்டத்தில் கல்லூரி கடன்பத்திரம் வெளியிட்டு, விரிவடையும் நிறுவனத்தின் புதிய ஊழியர்களுக்குப் பயிற்சி தருகிறது. அவர்கள் சம்பளத்தில் பிடிக்கும் மாநில வருமான வரியில் ஒரு பங்கு கடனை அடைக்கிறது. கைவசம் நிறுவனம் இருக்கும்போது மிகச் சிறப்பு. சொன்ன வேலைகள் வராவிட்டால் கடன் கல்லூரிப் பக்கம் திரும்பக்கூடும். வேலையில்லாதவர் தானாக வந்து கேட்டால் இதில் அவருக்கு எதுவும் இல்லை.

எங்கள் தரவரிசை

ஒரு மாநிலம் புதிதாக ஒரு டாலர் வைத்திருந்தால், முதலில் கலிஃபோர்னியா வகைத் தொடர் நிதி, செலவு மிகுந்த படிப்புக்கு அதிக எடையுடன். அடுத்து டெக்சாஸ் வகை விளைவுத் தொகை. கட்டண உதவிக்குப் பெல்லும் வியோவாவும் ஏற்கெனவே இருக்கின்றன. மாநிலப் பணம் அவை விட்ட இடத்துக்கு, அதாவது 150 மணிக்குக் குறைந்த படிப்புகளுக்கும் பயணம், காப்பகச் செலவுகளுக்கும் போக வேண்டும்.

கல்லூரிகள் உடனே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. கிரெடிட் இல்லாத தொழில் வகுப்புகளின் சேர்க்கைப் படிவத்தில் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கத் தொடங்குங்கள், எதற்கு என்று மாணவருக்குத் தெளிவாகச் சொல்லி, பாதுகாப்பாக. மாநிலத்தின் வேலையின்மைக் காப்பீட்டுச் சம்பளப் பதிவுடன் அதை இணைத்தால்தான் யாருக்கு வேலை கிடைத்தது, எவ்வளவு சம்பளம் என்பது தெரியும். வொர்க்ஃபோர்ஸ் பெல்லின் சோதனைகளும் வியோவா பட்டியலும் விளைவுத் தொகையும் கேட்பது இந்தத் தரவைத்தான். கடந்த ஆண்டு முடித்தவர்களின் எண்ணை இப்போது தேடிப்பிடிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். அடுத்த வகுப்பின் படிவத்தை இன்றே மாற்றலாம்.