பழைய கம்ப்யூட்டரில் டிவிடி ஓட வைக்கிறோம் என்று 3,800 ரூபாய் பிடுங்கிய கடை: வடசென்னைக்காரர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனது 3,800 ரூபாய். ஒரு பைசா செலவில்லாமல் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். வீட்டில் கல்யாண சிடி, காதுகுத்து டிவிடி என்று பீரோவில் அடுக்கி வைத்திருப்பவர்கள், அவற்றைப் பழைய கம்ப்யூட்டரில் எப்படி ஓட வைப்பது என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் அடுத்த வாரம் வேறு பெயரில் பலகை மாட்டிக்கொள்வார்கள். ஒரு பக்கம் ஜெராக்ஸ், ஒரு பக்கம் செல்போன் கவர், உள்ளே கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கும் கடைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பவை அக்கா கல்யாணத்தின் மூன்று விசிடிகள், அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தின் இரண்டு டிவிடிகள். அறுபதாம் கல்யாணம் 2008-ல் திருவொற்றியூரில் நடந்தது. அப்பா இப்போது இல்லை. அவர் நடப்பதும் பேசுவதுமாக எங்களிடம் மிஞ்சியிருப்பது அந்த இரண்டு வட்டுகள்தான். டிவிக்குக் கீழே இருந்த டிவிடி பிளேயர் பழுதாகிப் போனதும், அம்மா பாட்டு கேட்பதற்காக வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். 2007-ல் வாங்கியது, விண்டோஸ் எக்ஸ்பி. அக்கா கல்யாணம் ஓடியது. அப்பாவின் டிவிடியைப் போட்டால் ஏதோ டீகோடர் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்து நின்றுவிட்டது. சரி, தெரிந்தவர்களிடம் காட்டுவோம் என்று சிபியுவை ஆட்டோவில் ஏற்றினேன். அம்மாவும் கூடவே வந்துவிட்டார்.

அந்த ஆள் எங்களை வளைத்துப்போட்ட விதத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் அம்மாவுக்கு நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். டிவிடியை வாங்கி, உறையிலிருந்து எடுத்து, ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விவரம் தெரிந்த கை என்று நினைக்க வைக்கும் பிடி. பிறகு தன் கடைக் கம்ப்யூட்டரில் போட்டார். திரையில் அப்பா. கலச நீர் ஊற்றி முடித்து, ஈர வேட்டியோடு, தலையைத் துவட்டிக்கொண்டு யாரையோ பார்த்து, "இன்னும் ஒரு குடமா?" என்று சிரிக்கிறார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கடைக்காரர் எழுந்து போய் வெளியே ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தச் சொன்னார். "அப்பாவா சார்? இதெல்லாம் கோடி கொடுத்தாலும் கிடைக்காது. அம்மா, கவலைப்படாதீர்கள், உங்கள் வீட்டிலேயே ஓட வைத்துத் தருகிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு யார் பேரம் பேசுவார்கள்? கால்குலேட்டரைத் தட்டினார். டிரைவின் லென்ஸ் போய்விட்டது, புது டிரைவ் 1,200. பிளேயர் சாப்ட்வேர், ஆயுள் லைசென்ஸ், 1,800. சர்வீஸ் 800. மொத்தம் 3,800. அங்கேயே செல்போனில் ஸ்கேன் செய்து கட்டினேன். பில் கேட்டதற்கு, மிஷின் பழுது, பிறகு தருகிறேன் என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதி ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தார். ஸ்டாம்பில் கடைப் பெயர் பாதிதான் விழுந்திருந்தது. அதுவும் கைவரிசைதானோ என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு மாதம் ஓடியது. அம்மா தினமும் மாலையில் விளக்கேற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு ஒரு நாள் திரையில் பெட்டி ஒன்று வந்து நின்றது: சோதனைக் காலம் முடிந்தது, தொடர்ந்து பயன்படுத்தப் பணம் கட்டுங்கள். ஆயுள் லைசென்ஸின் ஆயுள் முப்பது நாள்!

கடைக்குப் போனேன். அன்றைக்கு நாற்காலியும் இல்லை, டீயும் இல்லை. போட்டுக் கொடுத்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார். அடுத்த முறை, ரினியூவல் செய்ய வேண்டும், 900 ஆகும் என்றார். ஆயுள் லைசென்ஸுக்கு எதற்கு ஐயா ரினியூவல் என்று கேட்டால், "உங்கள் எக்ஸ்பியையே கம்பெனி 2014-ல் கைவிட்டுவிட்டது சார், நான் என்ன செய்ய முடியும்?" என்கிறார். 2014-ல் கைவிட்டது இவருக்கு என்னிடம் பணம் வாங்கும்போது தெரியாதாம். வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் குறி விழும், பதில் வராது. அழைத்தால் ஓனர் ஊரில் இல்லை என்று ஓனர் குரலிலேயே பதில் வருகிறது. கடைசியில், பேசாமல் இதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு 14,000 ரூபாய்க்கு வேறு கம்ப்யூட்டர் எடுங்கள், டிவிடி தானாக ஓடும் என்று அறிவுரை. அதுவும் பொய். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு டிவிடி ஓட்டும் வசதியை மைக்ரோசாப்ட் தன் மீடியா பிளேயரிலிருந்து எடுத்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டரிலும் தனியாக ஒரு பிளேயர் போட்டாக வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், நேற்று கல்லூரி விடுமுறைக்கு வந்த அக்கா மகனால். அவன் பென் டிரைவில் விஎல்சி பிளேயரைக் கொண்டுவந்து போட்டான். எக்ஸ்பியிலும் ஓடும் பதிப்பு இருக்கிறது. அப்பா திரையில் வந்துவிட்டார். "எவ்வளவு கொடுத்தீர்கள் மாமா?" என்றான். சொன்னேன். "இது உலகத்துக்கே இலவசம் மாமா" என்றான்.

அவன் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசிடியில் இருப்பது எம்பெக்-1 என்ற முறையில் சுருக்கிப் பதிந்த படம். அதைப் படிக்க எக்ஸ்பிக்குத் தெரியும், அதனால்தான் அக்கா கல்யாணம் ஓடியது. டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்ற வேறு முறை. அதை விரித்துப் படமாகக் காட்டும் மென்பொருளான டீகோடர் எக்ஸ்பியோடு வரவில்லை. அந்தக் காலத்தில் டிவிடி டிரைவ் வாங்கினால் பெட்டியோடு ஒரு பிளேயர் சிடியும் தருவார்களே, இதற்காகத்தான். நமக்கு அந்தச் சிடி எங்கே போனதோ. விஎல்சியில் டீகோடர் உள்ளேயே இருக்கிறது. ஆக, திரையில் வந்த அந்த ஆங்கிலச் செய்தி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. கடைக்காரருக்கு அதைப் படிக்கத் தெரியாமல் இல்லை.

அத்தோடு விட்டிருந்தால் பணம் போனது என்று இருந்திருப்பேன். இரண்டாவது டிவிடி மட்டும் திக்கித் திக்கி ஓடியது. புது டிரைவுக்கு இது ஆகாதே என்று அக்கா மகன் சிபியுவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டிரைவை வெளியே இழுத்தான். மேலே இருந்த ஸ்டிக்கரில் தூசியைத் துடைத்தால், தயாரித்த தேதி 2005! என் கம்ப்யூட்டரே 2007. முன்பக்க மூடி மட்டும் பளபளவென்று வேறு எதிலிருந்தோ எடுத்து மாட்டியது; ஒரு கொக்கி சரியாகப் பொருந்தாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. திருகாணி நான்குக்கு இரண்டுதான். என் நல்ல டிரைவைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதைவிட இரண்டு வருடம் மூத்த காயலான் கடைச் சாமானை மாட்டி, அதற்கு 1,200 ரூபாயும் வாங்கியிருக்கிறார். எங்கள் டிரைவின் லென்ஸ் போகவே இல்லை. கடைக்குப் போகும் முன்பு அதில் அப்பாவின் டிவிடியைப் போட்டு மை கம்ப்யூட்டரில் திறந்தபோது வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரும் அதற்குள் படம் இருக்கும் விஓபி கோப்புகளும் வரிசையாகத் தெரிந்ததை நானே பார்த்தேன். டிவிடியைப் படிக்காத டிரைவில் அது தெரியாது.

இன்று காலை நேரில் போய் ஸ்டிக்கரைக் காட்டினேன். அது ஸ்டாக் தேதி என்றார். தயாரித்த தேதி என்று அச்சாகியிருக்கிறதே என்றேன். "பில் இருக்கிறதா சார்?" என்றார். பக்கத்தில் செல்போன் கவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு நாற்காலி போடச் சொல்லிக் குரல் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 3,800 ரூபாய்!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் கட்டிய பதிவு செல்போனில் இருக்கிறது, துண்டுச் சீட்டும் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், எழுதக் கை ஓடவில்லை. சுருக்கமாக: டிவிடி ஓடவில்லை என்றால் முதலில் விஎல்சியை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் போட்டுப் பாருங்கள். வட்டில் அந்த வீடியோ_டிஎஸ் ஃபோல்டர் தெரிந்தால் டிரைவை மாற்ற யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். மிகப் பழைய சிடி டிரைவ் என்றால் விசிடி மட்டும்தான் படிக்கும், அதில் டிவிடியைப் போட்டு அடித்துக்கொள்ள வேண்டாம். ஹேண்டிகேமில் நேரடியாகப் பதிந்த சின்ன வட்டு என்றால் அதே கேமராவில் பைனலைஸ் (மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்து வைப்பது) செய்யாவிட்டால் கம்ப்யூட்டர் அதைக் காலி வட்டு என்றே காட்டும். காலி என்று சொல்லித் தூக்கிப்போடச் சொல்பவரை நம்பாதீர்கள். கோப்புகளை இன்றைக்கே ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். சிபியுவைக் கடையில் விட்டுவிட்டு வருவதென்றால் டிரைவின் ஸ்டிக்கரை சீரியல் எண் தெரியும்படி, கடைக்காரர் கண் முன்னாலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்மையில் எங்கள் பக்கம் யாராவது 1,200 ரூபாய் கொடுத்துப் "புது" டிவிடி டிரைவ் மாட்டியிருந்தால், இன்றைக்கே தகட்டைக் கழற்றித் தேதியைப் பாருங்கள். 2007 என்று இருந்தால் அது என்னுடையதாக இருக்கலாம்.