வெளி டிஸ்க்க லினக்ஸ்ல மவுண்ட் பண்ண எது நல்லது: யுடிஸ்க்ஸா, எஃப்எஸ்டேபா, கையால மவுண்டா?

சிங்கப்பூர் பெடோக்ல இருக்கற சித்தப்பாவோட லேப்டாப் விண்டோஸ் 11க்கு ஒத்துவராத மாடல். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் நின்னுருச்சு, நல்லா ஓடுற மெஷின தூக்கிப் போட மனசு வரல, அதனால லினக்ஸ் மின்ட் போட்டுக் குடுத்தேன். தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி ஃபோன் பண்றாரு. "தம்பி, சித்தி வீடியோ இருக்கற டிஸ்க்கு தொறக்க மாட்டேங்குதுப்பா. எல்லாம் போச்சா?" குரலே சரியில்ல. சித்தி இப்ப இல்ல. கேம்பெல் லேன் பொங்கல் சந்தையில அவங்க கரும்பு வாங்கிட்டு சிரிச்சுட்டே நடந்து வர்ற வீடியோ அந்த டிஸ்க்ல மட்டும்தான் இருக்கு.

வேலை முடிச்சு எம்ஆர்டி ரயில் புடிச்சு போனேன். சாப்பாட்டு மேசை மேல முறுக்கு டின்னுக்குப் பக்கத்துல டிஸ்க்கு, லைட் எரியுது, ஸ்க்ரீன்ல எல்லாரும் ஒருதடவையாவது பாத்திருக்கற அதே எரர்: "ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்". இத பாத்ததும் டிஸ்க் செத்துருச்சுன்னு நெனச்சு ஃபார்மேட் பண்ணிட்டவங்க எத்தன பேரு. தயவுசெஞ்சு பண்ணாதீங்க, இந்த ஒரே மெசேஜுக்குப் பின்னாடி பத்து காரணம் இருக்கலாம், அதுல முக்காவாசி டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாத காரணம்.

சொருகின டிஸ்க்க ஒரு ஃபோல்டர்ல மாட்டி, உள்ள இருக்கறத தொறக்க விடறதுதான் மவுண்ட். இந்த மாதிரி நேரத்துல ஆளாளுக்கு ஒரு வழி சொல்வாங்க. ஒருத்தர் எஃப்எஸ்டேப்ல, அதாவது எந்த டிஸ்க்க எங்க மாட்டணும்னு எழுதி வைக்கற ஃபைல்ல, ஒரு லைன் சேருன்னுவாரு, இன்னொருத்தர் டெர்மினல்ல சூடோ மவுண்ட்னு கமாண்டு அடின்னுவாரு, மூணாமத்தவர் ஃபைல் மேனேஜர்லயே மறுபடி கிளிக் பண்ணுன்னுவாரு. மூணையும் வருஷக்கணக்கா யூஸ் பண்ணி அடிபட்டதால என் முடிவ மொதல்லயே சொல்லிடறேன்: நடமாடற டிஸ்க்குக்கு யுடிஸ்க்ஸ், ஒரே எடத்துல கிடக்கற டிஸ்க்குக்கு எஃப்எஸ்டேப், நோய் என்னன்னு கண்டுபிடிக்க கையால மவுண்ட்.

யுடிஸ்க்ஸ்ங்கறது பின்னாடி ஓடுற ஒரு சர்வீஸ். பென்டிரைவ் சொருகினதும் ஃபைல் மேனேஜர் இதுகிட்டதான் கேக்குது, இது மீடியா ஃபோல்டருக்குள்ள உங்க யூசர் பேர்ல எடம் பண்ணி டிஸ்க்க அங்க மாட்டி விடுது, ஃபெடோராவும் ஆர்ச்சும்னா ரன் மீடியாவுக்குள்ள. பாஸ்வேர்டு கேக்காது, ஏன்னா மெஷின் முன்னாடி லாகின் பண்ணி உக்காந்திருக்கறவர் வெளி டிஸ்க்க மாட்டலாம்னு, யாருக்கு என்ன அனுமதின்னு முடிவு பண்ற போல்கிட்ல ரூல் இருக்கு. உள்ள இருக்கற பார்டிஷன்னா பாஸ்வேர்டு கேக்கும், எஸ்எஸ்எச்ல தூரத்துலேர்ந்து வந்தாலும் கேக்கும். ஃபேட், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ்னு டிஸ்க்க ஃபார்மேட் பண்ற மூணு வகைக்கும் ஃபைல்கள உங்க பேருக்கே மாத்தி மாட்டுறதால காப்பி பண்ணும்போது பர்மிஷன் சண்ட இல்ல. என்னைக் கேட்டா சித்தப்பா மாதிரி ஆளுக்கு இதுக்கு மேல எதுவும் வேண்டாம்.

அதோட குறை என்னன்னா, மாட்ட முடியலன்னா காரணத்த அரைகுறையா சொல்லும். அதனால ஃபைல் மேனேஜர விட்டுட்டு டெர்மினல்ல யுடிஸ்க்ஸ்சிடிஎல்னு ஒரு கமாண்டு இருக்கு, அதுல மாட்டிப் பாருங்க, பக்கத்துல இன்னொரு விண்டோல கெர்னல் லாக்க, அதாவது லினக்ஸோட மையப் பகுதி எழுதற பதிவ, ஓட விடுங்க, டிஸ்க்க உருவி மறுபடி சொருகுங்க. டிஸ்க் பேரே லாக்ல வரலன்னா அது மவுண்ட் பிரச்சனையே இல்ல, கேபிள், போர்ட், கரண்ட் இதுல ஒண்ணு. ஃபோன் சார்ஜருக்கு வந்த கேபிள் சிலதுல டேட்டா ஒயரே கிடையாது. டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட் எரர் மைனஸ் 71னு வந்தாலும் அதே சந்தேகம்தான், சிம் லிம் ஸ்கொயர்ல நல்ல கேபிள் ஒண்ணு வாங்கி மாட்டிப் பாத்துட்டு அப்புறம் சாஃப்ட்வேர திட்டுங்க.

சித்தப்பா டிஸ்க் லாக்ல அழகா வந்துச்சு, சைஸ், பார்டிஷன் எல்லாம் சரி, கடைசியில மட்டும் ஒரு வரி: வால்யூம் டர்ட்டியா இருக்கு, ஃபோர்ஸ் ஃப்ளாக் குடுக்கல. எனக்கு அங்கயே பாதி உயிர் வந்துருச்சு. யாரோ விண்டோஸ் மெஷின்ல சொருகிட்டு சேஃப்லி ரிமூவ் குடுக்காம உருவிருக்காங்க, என்டிஎஃப்எஸ் "நான் முழுசா மூடல"ன்னு குறி வச்சிருக்கு. லினக்ஸ்ல என்டிஎஃப்எஸ் டிஸ்க்க தொறக்க பொதுவா ரெண்டு டிரைவர் இருக்கு, அதையும் பாத்துருவோம். பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி கெர்னலுக்கு வெளிய ஃப்யூஸ்ங்கற வசதி வழியா ஓடுது, கொஞ்சம் மெதுவு, ஆனா நிதானமான ஆளு, விண்டோஸ் ஹைபர்னேட்ல இருக்கற டிஸ்க்க பாத்தா எழுத விடாம படிக்க மட்டும் விடும். பாராகான் கம்பெனி குடுத்த என்டிஎஃப்எஸ்3, 2021ல கெர்னல் 5.15ல உள்ள வந்துச்சு, வேகம் நல்லா இருக்கு, ஆனா டர்ட்டி குறி இருந்தா எழுதற மாதிரி மாட்டவே மாட்டேங்கும். புது யுடிஸ்க்ஸ் வெர்ஷன் இந்த என்டிஎஃப்எஸ்3ஐத்தான் மொதல்ல ட்ரை பண்ணுது, நேத்து வரைக்கும் தொறந்த டிஸ்க் அப்டேட்டுக்கு அப்புறம் தொறக்கலன்னு பல பேர் பொலம்பறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

எழுத விடாதே தவிர படிக்க விடும், அதுதான் இதுல சூட்சுமம். யுடிஸ்க்ஸ்சிடிஎல் மவுண்டோட ஆர்ஓன்னு, அதாவது படிக்க மட்டும்னு, ஆப்ஷன் குடுத்தேன், படக்குன்னு மாட்டிக்கிச்சு. சித்தி வீடியோவ மொதல்ல லேப்டாப்புக்கு காப்பி பண்ணேன், அப்புறம்தான் ரிப்பேர பத்தி யோசிச்சேன். என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்னு ஒரு கமாண்டு மைனஸ் டியோட குடுத்தா அந்த டர்ட்டி குறிய எடுத்துரும், எல்லாரும் அதத்தான் சொல்வாங்க, ஆனா அது முழு செக் கிடையாது. நான் கீழ் மாடி பையன்கிட்ட விண்டோஸ் லேப்டாப் வாங்கி செக்டிஸ்க் ஸ்லாஷ் எஃப் ஓட்டினேன். அவசரமில்லாத நேரத்துல அதுதான் சரியான வழி.

இப்ப எஃப்எஸ்டேப். பூட் ஆகும்போதே மாட்டும், யாரும் லாகின் பண்ண வேண்டாம், வீட்டுல எல்லா யூசருக்கும் ஒரே எடத்துல தெரியும். யுடிஸ்க்ஸ்ல இது கஷ்டம், அண்ணன் லாகின்ல மாட்டின டிஸ்க்க தங்கச்சி லாகின்ல தொறக்க முடியாது, அந்த ஃபோல்டர் அண்ணனுக்கு மட்டும்தான். செங்காங்ல எங்க வீட்டு ரவுட்டர் பக்கத்துல ராஸ்பெரி பைன்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்கு, அதுல 4 டிபி டிஸ்க் எப்பவும் சொருகியே இருக்கும், அதுக்கு எஃப்எஸ்டேப்தான் போட்டிருக்கேன், கண்ண மூடிட்டு சொல்வேன் அதுதான் சரி.

ஆனா கழட்டி எடுத்துட்டுப் போற டிஸ்க்குக்கு அதே லைன போட்டா விபரீதம். நான் முன்னாடி ஒருதடவ என் டெஸ்க்டாப்ல போட்டுட்டு டிஸ்க்க ஆபீஸ்ல விட்டுட்டு வந்துட்டேன், ராத்திரி ஆன் பண்ணா 90 செகண்ட் சும்மா காத்திருந்துட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போயிருச்சு, கறுப்பு ஸ்க்ரீன், ரூட் பாஸ்வேர்டு கேக்குது. டிஸ்க் இல்லன்னாலும் பூட்ட நிறுத்தாதன்னு சொல்ற நோஃபெயில்னு ஒரு வார்த்தை ஆப்ஷன்ல இருந்திருந்தா இது வந்திருக்காது. கூடவே எஸ்டிபி1னு வரிசைப்படி வர்ற பேர எழுதாம, ஒவ்வொரு பார்டிஷனுக்கும் தனியா இருக்கற அடையாளமான யுயுஐடி எழுதணும், இன்னொரு பென்டிரைவ் சொருகினா அந்த எஸ்டிபி எஸ்டிசி ஆயிரலாம். எல்எஸ்பிஎல்கே மைனஸ் எஃப் அடிச்சா யுயுஐடி தெரியும்.

நோஃபெயில் போட்டாலும் இன்னொரு பள்ளம் இருக்கு, இத யாரும் சொல்றதில்ல. டிஸ்க் மாட்டலன்னாலும் அந்த ஃபோல்டர் அங்கயே காலியா இருக்கும்ல, ராத்திரி ஓடுற பேக்கப் ஸ்கிரிப்ட் அதுக்கு வித்தியாசம் தெரியாம உள்ள இருக்கற எஸ்எஸ்டிலயே எழுதித் தள்ளும், அது ரொம்பினதுக்கு அப்புறம் மெஷினே முக்கும். ஸ்கிரிப்ட் தொடக்கத்துல மவுண்ட்பாயிண்ட் கமாண்டு வச்சு டிஸ்க் உண்மையிலேயே இருக்கான்னு பாத்துட்டு எழுத விடுங்க. நோஆட்டோவோட எக்ஸ் சிஸ்டம்டி ஆட்டோமவுண்ட்னு ஒரு ஆப்ஷனும் இருக்கு, ஃபோல்டர தொட்டா மட்டும் மாட்டும், பூட்ட நிறுத்தாது. எஃப்எஸ்டேப் வேணும் ஆனா டிஸ்க் அப்பப்ப வந்து போகும்ங்கறவங்களுக்கு அது ஒத்து வரும்.

கையால மவுண்ட் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, எந்த டிரைவர், எந்த ஆப்ஷன்னு நாமளே தேர்ந்தெடுத்து சோதிக்க அருமையான கருவி. தினமும் அதுலயே மாட்டுனா எக்ஸ்ஃபேட் டிஸ்க்ல எல்லா ஃபைலும் ரூட்ங்கற அட்மின் பேர்ல வந்து நிக்கும், உங்க யூசர், குரூப் நம்பரான யூஐடி ஜிஐடி குடுக்கணும். ஐ3 மாதிரி வெறும் விண்டோ மேனேஜர் வச்சிருக்கறவங்க அதுக்குப் பதிலா யுடிஸ்கின்னு ஒரு குட்டி புரோகிராம ஓட விட்டுருங்க, சொருகினதும் மாட்டிரும்.

சித்தப்பா டிஸ்க்குக்கு எஃப்எஸ்டேப்ல நான் எதுவும் எழுதல. கழட்டற முறைய மட்டும் பக்கத்துல உக்காந்து நாலு தடவ செஞ்சு காமிச்சேன், காப்பி 100 சதவீதம்னு காட்டினாலும் மெமரிலேர்ந்து டிஸ்க்குக்கு இன்னும் எழுதிட்டு இருக்கும்னு சொன்னேன். "அப்ப லைட் அணையற வரைக்கும் தொடக்கூடாது, அப்படித்தானே?" ன்னாரு. சேஃப்லி ரிமூவ் குடுத்தா அந்த டிஸ்க்ல லைட் அணைஞ்சுரும், அதனால ஆமா சித்தப்பான்னேன். தீபாவளி அன்னிக்கு வீட்டுக்கு வந்தவங்க எல்லாருக்கும் அந்த கரும்பு வீடியோவ போட்டுக் காமிச்சாரு, முடிஞ்சதும் லைட்டையே பாத்துட்டு உக்காந்திருந்து, அணைஞ்சப்புறம் கேபிள உருவி டிஸ்க்க துணிப்பையில போட்டு பீரோவுல வச்சாரு.