ஐந்து வருடத்துக்கு மேல் குரோஷே: கொழும்பின் வேர்வைக்கும் மழைக்கும் எந்த நூல் தாங்கியது

போன கிழமை அலுமாரியின் அடித்தட்டை ஒதுக்கினேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்ட நாளிலிருந்து நான் பின்னியவற்றில் வீட்டில் மிஞ்சியிருப்பவற்றை எல்லாம் கட்டிலில் பரப்பிப் பார்த்தேன். சில சாமான்கள் இன்னும் புதிது போலக் கிடக்கின்றன. சில தொங்கிப்போய், சாயம் போய், பிசிறு தட்டிக் கிடக்கின்றன. கெட்டவற்றில் பின்னலில் பிழை வந்தவை இரண்டு மூன்றுதான். மற்றதெல்லாம் நூல் பிழை. கடையில் நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்கியதன் விளைவு. புதிதாகக் குரோஷே ஊசி, அதாவது நுனியில் கொக்கி உள்ள பின்னல் ஊசி, பிடிப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். புறக்கோட்டையில் கெய்சர் வீதிப் பக்கமும் குறுக்குத் தெருக்களிலும் நூல் விற்கும் கடைகளில் எதைக் கேட்டாலும் "வூல்" என்றுதான் எடுத்துப் போடுவார்கள். உண்மையில் அதில் ஆட்டு மயிர் ஒரு இழைகூட இருக்காது. பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது பெற்றோலியத்திலிருந்து வரும் செயற்கை இழை. சில உருண்டைகளில் லேபிளே இருக்காது. ஒருமுறை நான் நூலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றபோது கடை நானா சொன்னார்: "தடவினா தெரியாது புள்ள. வீட்ட போய் ஒரு துண்ட நெருப்புல காட்டிப் பாருங்க." அன்றிலிருந்து பெயர் தெரியாத நூலை அதிகமாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு உருண்டை வாங்கி வந்து சோதிக்கிறேன். விரல் நீளத் துண்டை இடுக்கியால் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துவேன். பருத்தி கடதாசி எரிவது போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். உண்மையான கம்பளி மயிர் கருகும் மணத்தோடு தானாகவே அணைந்துவிடும். அக்ரிலிக் உருகி எரிந்து, ஆறியபின் கறுத்த கட்டிக் குண்டுமணியாக நிற்கும். கலப்பு நூலில் இரண்டும் கலந்து வரும். அதற்கு இந்தச் சோதனை அவ்வளவு உறுதியில்லை.

கட்டிலில் பரப்பியவற்றில் மூத்தது, அக்காவின் பிள்ளைக்குப் பின்னிய இளமஞ்சள் போர்வை. அக்ரிலிக். மூன்று மாதம் உட்கார்ந்து பின்னினேன். தொட்டால் பஞ்சு போல இருந்தது. ஆனால் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீட்டில், மின்விசிறிக் காற்றில் தூங்கும் பிள்ளைக்கு அதைப் போர்த்தினால் பத்து நிமிடத்தில் கழுத்தெல்லாம் நனைந்துவிடும். பருத்தி தன் எடையில் 7, 8 சதவீத ஈரத்தைத் தனக்குள்ளே பிடித்து வைக்கும். அக்ரிலிக் 2 சதவீதத்தைத் தாண்டாது. அதனால் வேர்வை நூலுக்குள் போகாமல் தோலிலேயே நிற்கிறது. அக்கா ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டார். பிறகு அதை நுவரெலியாவில் இருக்கும் மாமி எடுத்துக்கொண்டு போனார். நாலு வருடம் அங்கே பாவனையில் இருந்து போன மாதம்தான் இங்கே திரும்பி வந்தது. நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. சுருங்கவில்லை. மேலே மட்டும் சின்னச் சின்ன உருண்டையாய்ப் பிசிறு. அந்தக் குளிருக்கு மாமி வேறு போர்வையே தேடவில்லையாம். அக்ரிலிக் மோசமான நூல் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கொழும்பில் பிள்ளையின் உடம்பில் படும் சாமானுக்கு அது சரிவராது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு இடத்தில் அதைத் தொடவே கூடாது: அடுப்படி. மிஞ்சிய அக்ரிலிக்கில் சட்டி பிடிக்கும் துணி ஒன்று பின்னியிருந்தேன். நெருப்புப் பக்கம் அதன் விளிம்பு பட்டவுடன் உருகி, இரும்புத் தாச்சியின் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டது. உருகிய இழை தோலில் ஒட்டினால் துணியை இழுக்கும்போது தோலும் வரும். எனக்கு அன்று விரல் நுனியில் பட்டதோடு போய்விட்டது. இப்போது அடுப்படிக்குப் பருத்தி மட்டும், அதுவும் இரட்டை மடிப்பாக. ஈரமாக இருக்கும்போது அதையும் பாவிக்காதீர்கள். ஈரத்துணி சூட்டை நேரே கைக்குக் கடத்தும்.

அடுத்து சந்தைப் பை. நான் அதிகம் கற்றுக்கொண்டது இதில்தான். இதுவரை நாலு பின்னியிருக்கிறேன். முதலாவது, முறுக்குக் குறைந்த மெதுவான பருத்தி நூலில், 5 மில்லிமீற்றர் ஊசியால். பார்க்க அழகு. வெள்ளவத்தைச் சந்தையில் இரண்டு தேங்காயும் ஒரு கிலோ வெங்காயமும் போட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் பை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. தோள்பட்டி 22 அங்குலத்தில் பின்னியது, இரண்டு மாதத்தில் 30 அங்குலம். நூலில் மட்டும் பிழை இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. பட்டியைக் குட்டைக் குட்டை வரிசையாகப் பின்னிக்கொண்டு போனால் பாரத்தில் ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சம் விரியும். நீளத்துக்குச் சங்கிலித் தையல் போட்டு, நீளவாக்கில் நாலைந்து வரிசை பின்னினால் அவ்வளவு இழுபடாது. இரண்டு விளிம்பிலும் ஸ்லிப் தையல் (மிகக் குட்டையான தையல்) ஒரு சுற்று ஓட்டினால் இன்னும் நல்லது.

நாலாவது பை மெர்சரைஸ் செய்த பருத்தி, 3 மில்லிமீற்றர் ஊசி, சிங்கிள் குரோஷே என்ற குட்டைத் தையலில் இறுக்கமான அடி, மேலே வலை. மூன்று வருடமாக வாரம் இரண்டு முறை சந்தைக்கும், 100 ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்கும் போய் வருகிறது. பட்டி ஒரு அங்குலம்கூட நீளவில்லை.

மெர்சரைஸ் என்ற சொல்லை நான் முதலில் கடைச் சரக்குப் பெயர் என்று நினைத்திருந்தேன். அம்மம்மாவின் மேசை விரிப்புதான் அதைத் தேடிப் படிக்க வைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது அம்மா பெட்டியில் கொண்டுவந்த வட்ட விரிப்பு. மெல்லிய வெள்ளைக் குரோஷே நூலில் அம்மம்மா பின்னியது. என் வயதை விட மூத்தது. எத்தனையோ முறை தோய்த்து, கஞ்சி போட்டு, ஸ்திரிக்கை போட்டும் இன்னும் ஒரு பளபளப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் ஜோன் மெர்சர் என்பவர் 1844 இல் பருத்தியைக் கடும் காரமான சோடியம் ஐதரொட்சைட்டில் நனைத்துப் பார்த்தார். தட்டையாய் முறுகிக் கிடக்கும் பருத்தி இழை அதில் ஊதி உருண்டு, வலுவாகி, சாயத்தையும் நன்றாகக் குடித்தது. ஆனால் நூல் சுருங்கிவிட்டது. பல வருடம் கழித்து, 1890 அளவில் ஹொரஸ் லோ என்பவர் நூலை இழுத்துப் பிடித்தபடியே அதைச் செய்ய, சுருக்கமும் நின்றது, பட்டு போன்ற மினுக்கமும் வந்தது. அம்மம்மாவுக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது. ஆனால் "மினுங்கிற நூல்தான் நிண்டு பிடிக்கும் பிள்ளை" என்று அவர் சொன்னதாக அம்மா சொல்லுவார். அந்த மாதிரி மெல்லிய நூல்களில் இலக்கம் கூடக் கூட நூல் மெலியும் என்பதையும் நினைவில் வையுங்கள். 10 ஐ விட 40 மெல்லியது.

நிறம் பற்றி ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. 2022 இல் பெரிய மேசை விரிப்பு ஒன்றைத் தொடங்கினேன், வெள்ளையில். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்கள். இருட்டில் வேறு வேலை ஓடாததால் விளக்கு வெளிச்சத்தில் இருந்து பின்னினேன். பாதியில் நூல் முடிந்தது. டொலர் இல்லாமல் இறக்குமதி சுருங்கியிருந்த காலம் அது, கடைகளின் தட்டுகளே காலி. ஐந்து மாதம் கழித்து அதே கம்பனியின் அதே இலக்க வெள்ளை கிடைத்தது. பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் உள்வட்டம் ஒரு வெள்ளை, வெளிவட்டம் வேறு வெள்ளை. ஒவ்வொரு முறை சாயத் தொட்டி மாறும்போதும் நிறம் ஒரு நூலளவு மாறும்; அதைத்தான் லேபிளில் தனி லொட் இலக்கமாகப் போடுகிறார்கள். அந்த விரிப்பைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் பொறுக்காது. இப்போது கணக்குக்கு மேல் ஒரு உருண்டை கூடவே வாங்குகிறேன். இரண்டு லொட் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், மாறும் இடத்தில் ஏழெட்டு வரிசைக்கு இரண்டு உருண்டையிலும் மாறி மாறிப் பின்னினால் கண்ணுக்கு உறுத்தாது.

கடும் சிவப்பு, கருநீலப் பருத்தியை வெள்ளையோடு சேர்க்க முன், நனைத்த வெள்ளைத் துணிக்குள் ஒரு துண்டு நூலைச் சுற்றி இரவு வைத்துவிட்டுப் பாருங்கள். துணியில் நிறம் பிடித்தால் அந்த இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

பொம்மைக்கு மில்க் கொட்டன் என்று விற்கும் பருத்தி, அக்ரிலிக் கலப்பு நூல் எனக்குப் பிடித்திருக்கிறது. 2.5 மில்லிமீற்றர் ஊசியில் இறுக்கிப் பின்னினால் உள்ளே அடைத்த பஞ்சு வெளியே தெரியாது. குறை, இழை பிரியும். ஊசி நூலின் நடுவே குத்திக்கொண்டு போகும். தலை கூர்மை குறைந்த ஊசி அதற்கு உதவுகிறது. வெல்வெட் நூல் வாங்க வேண்டாம் என்பேன், முக்கியமாகப் பழகுபவர்கள். தையல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் காண முடியாது, பிரித்தால் மயிர் உதிர்ந்து வெறும் நடு இழைதான் மிஞ்சும். கைக்குழந்தைக்கென்றால் பிளாஸ்டிக் கண் வைக்காமல் நூலாலேயே கண் தைத்துவிடுங்கள்.

மூங்கில் நூல் என்று விற்பது அநேகமாக விஸ்கோஸ். மூங்கில் கூழைக் கரைத்து இழையாக இழுத்தது. அதில் ஒரு சால்வை பின்னினேன். உடம்பில் விழுந்து கிடக்கும் அழகு வேறு எந்த நூலுக்கும் வராது, குளிர்ச்சியும் தரும். ஆனால் பருத்தி நனைந்தால் பலம் கூடும், விஸ்கோஸ் நனைந்தால் பலம் இழக்கும். தோய்த்துக் கொடியில் தொங்கவிட்டேன். தண்ணீரின் பாரத்தில் ஒரு சாண் நீண்டுவிட்டது. மேசையில் துவாயை விரித்து அதன் மேல் படுக்கையாகத்தான் காயவைக்க வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மழையில் அது காய இரண்டு நாள் பிடிக்கும், ஒரு புழுங்கல் மணமும் வரும். அதனால் அதை வெயில் காலத்தில்தான் தோய்க்கிறேன்.

மழைக் காலத்தில் நூலைச் சேமிப்பதும் கவனிக்க வேண்டியதுதான். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வைத்த பருத்தியில் எனக்குப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. கறுத்தப் புள்ளிகள், எதற்கும் போகவில்லை. இப்போது பழைய தலையணை உறைகளில் போட்டு, சுவரோடு ஒட்டாத தட்டில் வைத்து, வெயில் வரும்போது ஒருமுறை காற்றாட விரிக்கிறேன்.

தடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. லேபிளில் 0 முதல் 7 வரை ஒரு இலக்கம் இருந்தால் அதையே பாருங்கள். மெல்லிய குரோஷே நூலின் இலக்கம் போல அல்ல, இதில் இலக்கம் கூடக் கூட நூல் தடிக்கும். 'ப்ளை' (எத்தனை புரி சேர்த்து முறுக்கியது என்ற) எண்ணிக்கை நாட்டுக்கு நாடு மாறும், நம்ப வேண்டாம். இலக்கம் இல்லாவிட்டால் தெரிந்த நூல் ஒன்றோடு பக்கத்தில் பென்சிலில் சுற்றி ஒப்பிடலாம். வாங்கும்போது கிராமைப் பார்க்காமல் மீற்றரைப் பாருங்கள். பருத்தி கனமானது, ஒரே தடிப்பில் 100 கிராம் அக்ரிலிக் ஓடும் தூரம் பருத்தி ஓடாது. இதில் கணக்குப் பிழைத்துத்தான் நான் இரண்டு முறை பாதியில் நின்றேன்.

இப்போது மகளுக்குக் கையில்லாத மேல்சட்டை ஒன்று பின்ன நினைத்திருக்கிறேன். கடல்நீலப் பருத்தி, 3 ஆம் இலக்கத் தடிப்பு. உருண்டை எட்டும் மேசையில் இருக்கின்றன. ஆனால் தொடங்கவில்லை. ஒரு சாண் சதுரம் மட்டும் பின்னி, அளந்து எழுதி வைத்து, மற்ற உடுப்புகளோடு சேர்த்து இயந்திரத்தில் தோய்த்துப் போட்டிருக்கிறேன். நேற்றுப் பின்னேரம் மழை. பல்கனியில் இன்னும் ஈரமாகத்தான் கிடக்கிறது. காய்ந்தபின் மறுபடி அளந்து பார்த்துவிட்டுத்தான் சங்கிலி போடுவேன்.